வெள்ளியில் ஒரு பள்ளத்துக்குப் பெயர் வேண்டுமாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. முகம் கழுவி, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவைத் திறக்கிறேன் — வாசலில் பெண்கள் கூட்டம்!

எட்டுப் பத்துப் பேர் இருக்கும். எல்லாரும் எங்கள் ஒழுங்கைப் பெண்கள்தான், இந்தக் குறுந்தெருவில் வரிசையாக வீடு உள்ளவர்கள். தலை வாரி, நல்ல சேலை உடுத்து, சிலர் பவுடர்கூடப் பூசி வந்திருந்தார்கள். ஒன்று, யாரோ செத்துப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால், எனக்கு யாரோ மாப்பிள்ளை கொண்டு வந்திருக்க வேண்டும். இந்த வயதில் இரண்டுக்கும் நான் தயாரில்லை.

"டீச்சர், நாங்கள் பேர் குடுக்க வந்தனாங்கள்" என்றார் முன்னால் நின்ற எதிர்வீட்டுச் செல்வியின் அம்மா.

"என்ன பேர்? எதுக்குப் பேர்?"

"வெள்ளிக்கு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. ஓடியதும் கதவை மறுபடி சாத்திவிடலாமா என்று இருந்தது.

இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வாரத்துக்கு முன் இதே இடத்தில் வெள்ளிக் கிரகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக இன்னொரு தரம்... படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். ஒன்றை இரண்டு தரம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது.

வெள்ளி, பூமிக்குப் பக்கத்து வீடு. பருமனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறதென்று நேற்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. சுற்றிவர மேகம். எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று ஒரு மூட்டம்தான் தெரியும். கீழே ஈயம் உருகுகிற சூடு. போய்ப் பார்க்கவும் ஏலாது.

அதனால் இப்போது றேடார் வைத்துப் பார்க்கிறார்கள். றேடார் என்றால் என்ன? கண்ணால் பார்ப்பதில்லை — கூப்பிட்டுப் பார்ப்பது. இங்கிருந்து வானொலி அலையை அனுப்புவது. அது மேகத்துக்குள்ளால் புகுந்து போய்த் தரையில் பட்டுத் திரும்பி வரும்வரை காத்திருப்பது. கிணற்றுக்குள் எட்டிக் குரல் கொடுத்து, வருகிற எதிரொலியைக் கேட்கிற மாதிரிதான். அப்படிக் கூப்பிட்டதில் தெரியவந்தவைதான் பள்ளங்கள்.

வானத்திலிருந்து பெரிய கல் ஒன்று வந்து மோதினால் உண்டாகிற வட்டப் பள்ளம். விளிம்பு மேடு, நடுவில் குழி. ஒன்றின் படத்தை நூலகத்தில் கிடந்த ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் பார்த்தேன். படம் என்று சொல்வதே அதிகம். கரிக்கையால் சுவரைத் தொட்ட மாதிரி ஒரு வட்டம். ஆனால் எங்கள் திருகோணமலை உட்துறைமுகத்தை அப்படியே தூக்கி அதற்குள் போட்டால் ஒரு மூலையில் கிடக்குமாம். (வட்டத்துக்கு ஏது டீச்சர் மூலை என்று என் மாணவிகள் கேட்கக்கூடும். கேட்கட்டும், அப்போதாவது வகுப்பில் விழித்திருக்கிறார்கள் என்று தெரியும்.)

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் படம் அல்ல, அதன் கீழே இருந்த செய்தி. வெள்ளியில் காண்கிற இடங்களுக்கெல்லாம் பெண்களின் பெயரைத்தான் வைப்பது என்று ஆராய்ச்சிக்காரர்கள் முடிவு செய்திருக்கிறார்களாம். மேட்டுக்கும் பெண் பெயர், பள்ளத்துக்கும் பெண் பெயர். இருக்கிற மலைகளிலேயே மிக உயர்ந்த ஒன்றைத் தவிர! அதற்கு ஓர் ஆணின் பெயராம். விதி வருவதற்கு முன்னமே வைத்தாயிற்றாம்.

பார்த்தீர்களா? முழுக் கிரகத்தையும் எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உச்சியை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பத்தியை முடிக்கும்போது ஒரு பகிடிக்கு எழுதினேன் — இவ்வளவு பள்ளத்துக்கும் பெண் பெயர் தேடி அவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும், எங்கள் ஒழுங்கையில் வந்து கேட்டால் ஒரு கிரகத்துக்குப் போதுமான பெயர் கிடைக்குமே என்று. அவ்வளவுதான் எழுதினேன். அதுதான் வினையாய் முடிந்தது.

எங்கள் சந்திச் சலூனில் பேப்பரைச் சத்தம்போட்டு வாசிப்பார்கள். தாடி மழிக்கிற சத்தத்தில் பாதி கேட்கும், பாதி கேட்காது. கேட்ட பாதியை ஆண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், "டீச்சர் பேர் எடுக்கிறாவாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் யாராவது பேர் எடுத்து எழுதினால் பின்னால் ஏதாவது நிவாரணம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும் — மாவு, சீத்தைத் துணி, மண்ணெண்ணெய். வராமலும் போகும். ஆனால் பேர் கொடுக்காமல் இருந்துவிட்டு, வந்த பிறகு போய் நின்று அழ முடியுமா? அந்த அனுபவந்தான் இவர்களை என் வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தது.

பகிடிக்குத்தான் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பவுடர் பூசி வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். கதிரை போதாமல் பாதிப் பேர் நிலத்தில் இருந்தார்கள்.

"சரி, சொல்லுங்கோ. உங்கட பேர் என்ன?"

செல்வியின் அம்மா வாயைத் திறந்தார். மூடினார். சிரித்தார். பிறகு, "நாகேஸ்வரி" என்று சொல்லிவிட்டு, ஏதோ கூடாத வார்த்தை சொல்லிவிட்டவர் போலச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

"எடி, உன்ர பேர் நாகேஸ்வரியோ?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர். அவர் கலியாணம் முடித்து வந்த நாள் தொடக்கம் செல்வியின் அம்மாவுக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கிறார்!

அப்படிக் கேட்டவரின் நிலைமை இன்னும் மோசம். "எனக்கு முத்தம்மாவோ முத்துப்பிள்ளையோ எண்டு வடிவாத் தெரியாது. அரிசிக் கூப்பன் புத்தகத்தில கிடக்கு, ஓடிப்போய்ப் பாத்திட்டு வாறன்" என்று எழும்பி ஓடினார்.

மூலையில் இருந்த ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "டீச்சர், எனக்குப் பள்ளம் வேண்டாம். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் பள்ளத்துக்குள்ளதான் கிடக்கிறன். மலை ஒண்டு பாத்துத் தாங்கோ" என்றார்.

"மலை முடிஞ்சுது" என்றேன்.

சிரிப்பு. என் வீட்டில் அவ்வளவு சிரிப்புக் கேட்டுக் கனகாலம். அவர்கள் போனபிறகும் அந்தச் சிரிப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடாதா என்று இருந்தது.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். நான் ஒருவருக்கும் பேர் அனுப்பப் போவதில்லை, அதற்கென்று வெளிநாட்டில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று. யாரும் கோபிக்கவில்லை. "அதுக்கென்ன டீச்சர், கனகாலத்துக்குப் பிறகு என்ர பேரை ஒருக்காச் சொல்லிப் பாத்தன்" என்றார் செல்வியின் அம்மா.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வரக்கூடாது. ஏனென்றால் போன மாதம் என் கதை இதைவிடக் கேவலம். பல்லுக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கில் குந்திக் காத்திருந்தேன். உள்ளே இருந்து ஒருவர் ஏதோ ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். யாரும் எழும்பவில்லை. மறுபடி கூப்பிடுகிறார். 'ஆர் இந்த மனிசி? கூப்பிடக் கூப்பிட எழும்பாமல் இருக்கிறாளே' என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. என்னிடம் படித்த நேர்ஸ் பிள்ளை வந்து தோளைத் தொட்டு, "டீச்சர், உங்களைத்தான் கூப்பிடினம்" என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. அந்த மனிசி நான்தான்.

யார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இருக்கிறார்கள்? அப்பா இருக்கும்வரை வீட்டில் அந்தப் பேர் கேட்டது. தங்கச்சி லண்டனுக்குப் போய்விட்டாள். அவளுக்கும் நான் அக்காதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர், பஸ்ஸில் அம்மா, இந்தப் பத்தியின் தலையில் புனைபெயர். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அது மாதம் ஒருமுறை வரும், பேசாமல் வந்து பேசாமல் போகும்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு ஒருவரைப் பற்றி.

அன்று காலை வந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் இல்லை. என் அடுத்த வீட்டுக்காரர் — றபீக்கின் உம்மா.

எழுதிவிட்டேன். ஆனால் போன ஞாயிறுவரை எங்கள் ஒழுங்கையில் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்து யாரும் சொல்வதில்லை. ஏனென்று சொல்கிறேன்.

அவர் கிண்ணியாவில் பிறந்து, கலியாணம் முடித்துக் குடாவைத் தாண்டி எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர். மகன் சின்னவனாக இருக்கும்போதே புருஷன் மௌத்தாகிவிட்டார். இடியப்பம் அவித்து விற்று அந்த ஒரு பிள்ளையை வளர்த்தார். றபீக் வளர்ந்து கடலுக்குப் போனான். நல்ல உழைப்பாளி. அவன் சிரித்தால் ஒழுங்கைக் கோடிவரை கேட்கும். சில நாட்களில் நான் பரீட்சைத் தாள் திருத்த முடியாமல் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

அவன் பிறந்த நாளில் இருந்து அவர் றபீக்கின் உம்மா. வேறு பேர் இருந்ததாக எங்களுக்குத் தெரியாது. "றபீக்ட உம்மா, இடியப்பம் அவிச்சாச்சோ?" "றபீக்ட உம்மா, மழை வருகுது, உடுப்பை எடுங்கோ!" "றபீக்ட உம்மா, உங்கட கோழி எங்கட வளவுக்குள்ள!" — நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நானும் கூப்பிடுவேன். தினமும் காலையில் கதவைப் பூட்டிவிட்டு, கிடுகு வேலிக்கு மேலால் ஒரு குரல் — "றபீக்ட உம்மா, போயிட்டு வாறன்!" உடனே குசினிக்குள் அடுப்படியில் இருந்து பதில் வரும்: "ஓ... போயிட்டு வாங்க டீச்சர்!"

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டில் நாலு பேரோடு இருக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லைத்தான். தனியே இருக்கிறவளுக்கு, தான் வெளியே போகிறாள் என்பது இன்னொரு மனிசிக்குத் தெரிந்திருக்கிறது என்பதே பெரிய காரியம். பின்னேரம் திரும்பி வராவிட்டால் தேடுவதற்கு ஓர் ஆள் இருக்கிறது. அந்தப் பலத்தில்தான் நான் பஸ் ஏறுவேன்.

போன மாரியில், வாடைக் காற்று ஊளையிட்ட ஒரு நாள், றபீக்கும் இரண்டு கூட்டாளிகளும் போன வள்ளம் கவிழ்ந்தது. வள்ளம் தெற்கே வெருகல் பக்கம் ஒதுங்கியது. கூட்டாளிகள் இருவரும் எப்படியோ நீந்திக் கரை சேர்ந்தார்கள். றபீக் சேரவில்லை. கிண்ணியாவில் இருந்து மாமன்மார் வந்து கரை நெடுகத் தேடினார்கள். கடல் அவனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஒழுங்கை நன்றாகத்தான் நடந்துகொண்டது. அதில் குறை சொல்ல முடியாது. சோறு ஆக்கிக் கொடுத்தோம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியும்வரை மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். பிறகு அவரவர் வீட்டு வேலைக்குத் திரும்பினோம்.

அப்போதுதான் பிரச்சினை தொடங்கியது. இனி அவரை எப்படிக் கூப்பிடுவது?

'றபீக்ட உம்மா' என்று எப்படிச் சொல்வது? அந்தப் பேரைக் கேட்ட மாத்திரத்தில் மனிசி உடைந்துபோனால்? ஒருவரோடு ஒருவர் கதைத்து எடுத்த முடிவல்ல இது. ஆனால் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தோம் — சொல்வதில்லை. நான் ஒரு நாள் அக்கா முறை வைத்து "ராத்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. எங்கள் ஒழுங்கையில் நாலு ராத்தாமார் இருக்கிறார்கள், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார். "இஞ்சேருங்கோ" என்று பார்த்தேன். அது புருஷன் பெண்சாதி கூப்பிடுகிற மாதிரி இருந்தது, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியில் ஒழுங்கை ஒரு வழி கண்டுபிடித்தது. இருமல்!

இடியப்பம் வாங்கப் போகிறவர் வாசல் படலையடியில் நின்று இருமுவார். கோழியைத் தேடிப் போகிறவரும் இருமுவார். இருமலைக் கேட்டு அவர் வெளியே வருவார், வந்ததும் பேச்சைத் தொடங்கலாம். தூரத்தில் இருந்து கூப்பிட வேண்டிய தேவை உள்ளவர்கள் கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள். மழை வந்து அவருடைய உடுப்பு நனைந்ததை நான் ஒருநாள் என் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

காலையில் போயிட்டு வாறன் சொல்வதையும் விட்டுவிட்டேன். பூட்டைச் சத்தம் வராமல் பூட்டிவிட்டுக் கள்ளி மாதிரி நழுவிப் போவேன். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். நான் போவது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு நெஞ்சு வெறுமையாக இருக்கும். அவருக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். எனக்காகவும்தான்.

ஆகவே, அந்த ஞாயிறு பெண்கள் போனபிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. செல்வியின் அம்மாவுக்கு ஒரு நாகேஸ்வரி இருப்பது போல, இவருக்கும் சொந்தமாக ஒரு பேர் இருக்கும்தானே? வெள்ளியைச் சாட்டாக வைத்து அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். இனி அந்தப் பேரில் கூப்பிடலாம். யாருக்கும் நோகாது, காலையில் என் குரலும் திரும்பி வரும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பொழுது பட்டது. உட்துறைமுகப் பக்கம் வானம் சிவந்து, மலைகளுக்கு மேலே வெள்ளி பளிச்சென்று நின்றது. அவர் மஃரிப் தொழுதுவிட்டு வந்து குசினிப் படியில் குந்தியிருந்தார். நான் வேலியடிக்குப் போனேன்.

இருமினேன்.

"என்ன டீச்சர், உங்களுக்குமா?" என்றார் அவர் திரும்பாமலே. "இந்த ஒழுங்கையில எல்லாருக்கும் இருமல். மல்லி போட்டுக் கசாயம் வெச்சிக் குடிங்க."

பகிடியா, கோபமா? குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"காலைமை எல்லாரும் வந்தவை. உங்களைத்தான் காணேல்லை" என்றேன்.

"கேள்விப்பட்டன். வெள்ளிக்குப் பேர் குடுத்தாங்களாம்."

"அதா... அதுதான் வெள்ளி."

அவர் எழும்பி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "இதா? இது விடியச் சாமத்துல கடல் பக்கமா நிக்கிறதெல்லா? மகன் வள்ளம் தள்ளக்குள்ள நான் கரையில நிண்டு பாத்திரிக்கன்."

அவராகவே மகனைப் பற்றிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவசரமாக விஞ்ஞானத்துக்குள் ஓடி ஒளிந்தேன். "ஓம், அதேதான். கொஞ்சக் காலம் விடிய நிக்கும், கொஞ்சக் காலம் பொழுதுபட நிக்கும்" என்றேன்.

"அதுல பள்ளம் எப்படி வந்த?"

"எங்கயோ இருந்து பெரிய கல்லொண்டு வந்து விழுந்தது."

"கல்லு இப்ப எங்க?"

"கல்லு இல்லை. மோதின வேகத்தில தூளாப் போயிடும். பள்ளம் மட்டும்தான் மிச்சம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரிடம் போய் என்ன சொல்லிக்கொண்டு நிற்கிறேன்? அவர் வெள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"பள்ளத்துக்குப் பேர் வெக்கிறாங்க. விழுந்ததுக்கு?"

"அதுக்குப் பேர் இல்லை."

"ம்" என்றார்.

இதற்கு மேல் தாமதித்தால் என் ஏற்பாடு கெட்டுவிடும் என்று தோன்றியது. "சரி, அது கிடக்கட்டும். உங்கட பேர் என்ன? சொந்தப் பேர்?"

"சுபைதா."

"வடிவான பேர்! இனி நான் சுபைதா எண்டே கூப்பிடட்டோ?"

"ஆரை?"

"உங்களைத்தான்."

அவர் முதலில் சிரித்தார். வெறுஞ் சிரிப்பு. "டீச்சர், சுபைதா எண்டது கிண்ணியாவுல இருந்த ஒரு சின்னப் புள்ள. அவள எனக்கே மறந்து பெய்த்து. அந்தப் பேரச் சொல்லி நீங்க கூப்பிட்டா நான் திரும்பியும் பாக்கமாட்டன்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நீங்க எல்லாரும் ஏன் என்னைக் கூப்பிடுறத்த நிப்பாட்டினீங்க?"

"உங்களுக்கு நோகும் எண்டுதான்..."

"மௌத்தானது என்ட புள்ள. நான் அவன்ட உம்மா. அவன் இல்லாட்டி நான் அவன்ட உம்மா இல்லையா, டீச்சர்?"

அவரே தொடர்ந்து சொன்னார்:

"பள்ளிவாசல்ல அவனுக்காகத் தொழுத அண்டைக்கு அவன்ட பேரச் சொன்னாங்க. கத்தத்துல சொன்னாங்க. அதோட சரி. அவன அடக்கின எடமெண்டு போய் நிக்கிறதுக்கு ஒரு கப்ரும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தினை தரம் இந்த ஒழுங்கையில அவன்ட பேர் கேக்கும்! இப்ப ஒருத்தரும் சொல்றல்ல. நான்தான் குசினிக்குள்ள நிண்டு, றபீக் றபீக் எண்டு சொல்லிப் பாக்கன். என்ட சத்தம் எனக்கே என்னமோ மாதிரி இரிக்கி."

அவர் அழவில்லை. அழுதது நான்தான். கிடுகு வேலியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். ஆறுதல் சொல்லப் போனவளுக்கு அவர் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. "உள்ளுக்குப் போங்க டீச்சர், நுளம்பு கடிக்கும்" என்றார்.

வந்து விளக்கைப் போட்டேன். வானொலியைத் திறந்தேன், மூடினேன். நாங்கள் செய்தது என்ன என்று யோசிக்க யோசிக்க எனக்கு என்மேலும் இந்த ஒழுங்கைமேலும் கோபம் வந்தது. துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று நினைத்து, எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளையை இன்னொரு தரம் கடலில் விட்டிருக்கிறோம். அவனோடு சேர்த்து அவன் தாயையும். அதுவும் எவ்வளவு அன்போடு, எவ்வளவு கவனத்தோடு!

ஒருவரைத் தனிமையில் தள்ளுவதற்குக் கெட்ட மனம் வேண்டியதில்லை. நல்ல மனமே போதும்.

அன்று சாப்பிட இருக்கும்போது ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். என் பேரை நானே சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சுவர், அலுமாரி, கேத்தல் எல்லாம் பேசாமல் இருந்தன. அவர் சொன்னது சரிதான். சொந்தக் குரலில் கேட்டால் என்னமோ மாதிரித்தான் இருக்கிறது. பேர் என்பது இன்னொருவர் வாயில் இருந்து வர வேண்டிய சாமான்.

திங்கட்கிழமை காலை. கதவைப் பூட்டினேன். வழமைபோலச் சத்தம் வராமல் அல்ல, நன்றாகக் கேட்கும்படி. வேலியடிக்கு வந்து வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை ஓர் அதட்டலில் அடக்குகிறவள் நான். இரண்டு சொல் சொல்லப் பயந்து நின்றேன். நேற்று அவர் ஏதோ மன வருத்தத்தில் சொல்லியிருந்தால்? இப்போது கேட்டதும் உடைந்துபோனால்?

எதிரே செல்வியின் அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். மீன்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன். "றபீக்ட உம்மா! போயிட்டு வாறன்!"

செல்வியின் அம்மாவின் விளக்குமாறு நின்றது. மீன்காரர் தராசைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். என்ன காரியம் செய்தாய் என்று கேட்கிற பார்வை. வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது.

பதில் இல்லை.

காத்திருந்தேன். வெள்ளிக்கு அலை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு எப்படி இருக்குமோ தெரியாது. எனக்குப் பஸ்ஸின் ஞாபகமே இல்லை.

குசினிக் கதவு திறந்தது. அவர் வந்து படியில் நின்றார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தக் கிடுகு வேலி மட்டும்தான். கையை நீட்டினால் தொடலாம். என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கேக்கல்ல டீச்சர்! சத்தமாக் கூப்பிடுங்க!"

கூப்பிட்டேன். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்காரருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன். "றபீக்ட உம்மா...! போயிட்டு வாறன்...!"

"ஓ...! போயிட்டு வாங்க டீச்சர்!"

அன்று எனக்குப் பஸ் தவறிவிட்டது. பரவாயில்லை. நான் சந்திக்குப் போய்ச் சேருவதற்குள் பின்னால் செல்வியின் அம்மாவின் குரல் கேட்டது. தயங்கித் தயங்கித்தான், ஆனால் கூப்பிட்டார். அதற்கும் முதலில் "கேக்கல்ல" என்றுதான் பதில் வந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். றபீக்கின் உம்மாவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை.